சுவர் எழுமுன்

வீடு கட்டுவோர் காற்று வரும் வழியை எண்ணிச் சாளரம் வைக்கின்றனர். மழைநீர் வடியும் வழியை எண்ணித் தளத்திற்குச் சாய்வு கொடுக்கின்றனர். புகை போகும் வழியை எண்ணி அடுக்களைக்குப் புகைபோக்கி அமைக்கின்றனர். ஒலி செல்லும் வழியை எண்ணி ஏதேனும் செய்வாரைக் காண்பது அரிது. ஐவர் அறுவர் உறையும் வீட்டில் அதனால் பெருங்கேடு ஒன்றும் இல்லை. ஆனால், நூற்றைம்பது பேர் கூடியிருந்து ஒருவர் சொல்வதைக் கேட்பதற்கென்றே எழுப்பப்படும் மன்றத்தில் அக்குறை கட்டடத்தின் பயனையே அழித்துவிடும். நம் சங்கம் சந்திரகிரியை அடுத்துள்ள மனையில் மன்றம் எழுப்ப முற்பட்டிருக்கும் இவ்வேளையில், இதுபற்றிச் சில கூறுதல் நம் கடமை எனக் கருதுகின்றோம்.

மன்றத்தின் வரைபடம் அன்பர்கள் பலரும் பார்த்ததே. முகப்பு வளைவு, மேடை, பந்திக்கூடம், சமையற்கட்டு, செருப்பு விடும் இடம் வரை எல்லாம் அதில் உண்டு. ஒலிபெருக்கி எங்கே அமரும், படம் எத்திரையில் விழும், அவற்றுக்குரிய கம்பிகள் எவ்வழியே ஓடும் என்பதற்கு ஒரு கோடு தானும் இல்லை. வினவியபோது, "அவையெல்லாம் கட்டடம் முடிந்த பின் பார்த்துக் கொள்ளலாம், வாடகைக்கு ஒலிபெருக்கி கொண்டுவருவோர் ஊரில் இல்லையா?" என்று விடை கிடைத்தது. இக்கருத்து நல்லெண்ணத்தில் பிறந்ததே, சிக்கனத்தை நாடியதே. எனினும், இதனைப் போலச் செலவு மிகுந்த சிக்கனம் பிறிதொன்று இல்லை என்பது நம் துணிபு.

கட்டி முடித்த கட்டடத்தில் ஒலியையும் ஒளியையும் பின்னர்ப் புகுத்துவது எத்தகையது என்பதை அறிய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் ஊர்க் கோட்டைக்குள் நிற்கும் இராஜ மகாலே அதற்குச் சான்று. விசயநகரப் பேரரசின் பிற்காலத்தில் எழுந்த அம்மாளிகை மூன்று நிலைகளை உடையது. கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து ஆகியவற்றாலேயே அமைந்தது. மரம் பயன்படுத்தப்படவில்லை என்பது அதன் தனிச்சிறப்பு. சந்திரகிரி, வேலூர் ஆகியவற்றைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட அரவீட்டு மரபினருக்கு அடங்கிய நாயக்கரே 1639-இல் ஆங்கிலேயர்க்குச் சென்னைப் பட்டணத்து நிலத்தை அளித்தவர். ஆகவே அக்கோட்டைக்கும் தமிழர்க்கும் உள்ள உறவு இன்று நேற்றையதன்று. இப்போது மாளிகை தொல்பொருள் துறையின் அருங்காட்சியகமாக விளங்குகின்றது.

இக்கோட்டையில் ஆந்திரச் சுற்றுலாத் துறையினர் ஒலி ஒளிக் காட்சி ஒன்றினை அமைத்து, மாலை வேளைகளில் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் நடத்தி வந்துள்ளனர். இவ்வகைக் காட்சி முதன்முதலாக 1952-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுச் சாம்போர் மாளிகையில் நிகழ்ந்தது. நம் நாட்டில் தில்லிச் செங்கோட்டையில் 1965-இல் தொடங்கிற்று. மதுரைத் திருமலை நாயக்கர் மகாலில் சிலப்பதிகாரக் கதையைத் தமிழில் ஒலிக்கச் செய்யும் காட்சியைக் கண்ட குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. இவை யாவற்றிலும் ஓர் ஒற்றுமையைக் காணலாம். மக்கள் அமர்வது திறந்த வெளியில். மாளிகை எதிரே நிற்கும். விளக்குகளும் ஒலிபெருக்கிகளும் பெரும்பாலும் கட்டடத்திற்குப் புறத்தே இருக்கும்.

ஏன் இவ்வாறு? கண்ணுக்கு அழகு என்பது ஒரு காரணம். வேறு காரணங்களும் உள. பாதுகாக்கப்பட்ட தொல்சின்னத்தில் தன் விருப்பம்போல் உளிவைத்துக் காடி வெட்டவும் துளையிடவும் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தராது. சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக்கட்டடமே கூடாது என்றும், அதற்கப்பால் 200 மீட்டர் வரை இசைவு பெற்றே கட்டலாம் என்றும் 2010-இல் சட்டம் திருத்தப்பட்டது. (நம் மனை இவ்வெல்லைகளுக்கு வெளியே உள்ளது, அன்பர்கள் கவலையுற வேண்டா.) இனி, சட்டம் இடந்தந்தாலும் சுண்ணாம்புப் பூச்சுடைய அக்கூடங்களின் இயல்பு இடந்தராது. அங்கே ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். தட்டியது அடங்கிய பின்னும் ஓசை சுவர்க்குச் சுவர் தாவிக்கொண்டிருக்கும். அரசன் கொலுவிருந்தபோது கட்டியக்காரன் குரலுக்கு அது கம்பீரம் சேர்த்திருக்கலாம். ஒருவர் அமைதியாக விளக்கிக் கூறும் சொற்பொழிவுக்கு அது பகை.

இராஜ மகாலைக் கட்டியோர் மீது இதனால் குறை ஒன்றும் இல்லை. மின்சாரம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே அவர்கள் பணி முடிந்துவிட்டது. மின்சாரமும் ஒலிவாங்கியும் அசையும் படமும் நாள்தோறும் கையாளும் நாம், அதே வகைச் சுவரை அதே வகையில் எழுப்பிவிட்டு, பின்னர் ஒலிக்கு இடம் தேடுவதுதான் வியப்பு.

ஒலி ஒரு கூடத்தில் எவ்வளவு நேரம் தங்கும் என்பதைக் கணக்கிட்டு அறிய வழி உண்டு. அமெரிக்காவில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய சொற்பொழிவுக் கூடம் ஒன்றில் பேராசிரியர் பேசுவது மாணவர்க்கு விளங்கவே இல்லை. அதனைச் சீர்செய்யுமாறு 1895-இல் வாலசு சேபின் என்னும் இளம் ஆசிரியர் பணிக்கப்பட்டார். அவர் இரவு நேரங்களில் வேறோர் அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்து வரச்செய்து, அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கூடத்தில் பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். வெறுங்கூடத்தில் ஒலி அடங்க ஐந்தரை விநாடி ஆயிற்று. மெத்தை கூடக்கூட நேரம் குறைந்தது. அவ்வளவையிலிருந்து அவர் கண்ட விதி மிக எளியது. கூடத்தின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அங்குள்ள பரப்புகள் ஒலியை உறிஞ்சும் அளவால் வகுத்தால், ஒலி தங்கும் நேரம் விநாடியில் கிடைக்கும். 1900-இல் திறக்கப்பட்ட பாசுட்டன் இசையரங்கம் அவ்விதியைக் கொண்டு முன்கூட்டியே கணித்துக் கட்டப்பட்டது. அரங்கம் கட்டுமுன்பே அதன் ஒலியை அறியலாம் என்பது நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக உலகம் அறிந்த செய்தி.

அவ்விதியை நம் மன்றத்தின் வரைபடத்தின்மேல் வைத்துப் பார்த்தோம். கூடத்தின் நீளம் 20 மீட்டர், அகலம் 12, உயரம் 5. அடிக்கணக்கில் ஏறத்தாழ 66, 40, 16. கன அளவு 1,200 கன மீட்டர். சுவர், தரை, மேல்தளம் ஆகியவற்றின் மொத்தப் பரப்பு 800 சதுர மீட்டர். சிமெண்டுப் பூச்சும் வழவழப்பான டைல்ஸும் தம்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கைத்தான் உறிஞ்சும். எஞ்சியதைத் திருப்பி அனுப்பிவிடும். கணக்கிட்டால், வெறுங்கூடத்தில் ஒலி ஏறத்தாழ 8 விநாடி தங்கும் என்று வருகின்றது. மக்களின் உடலும் உடையும் ஒலியை உறிஞ்சும். நூற்றைம்பது பேர் அமர்ந்தால் அது 2 விநாடிக்குச் சிறிது மேலாகக் குறையும். முப்பது பேர் மட்டும் அமர்ந்தாலோ 5 விநாடி. கதவும் சாளரமும் திறந்திருப்பின் இவ்வெண்கள் ஓரளவு இறங்கும் என்பது உண்மையே. ஆயினும் பேச்சு தெளிவாக விளங்குதற்கு ஒலி ஒரு விநாடிக்கு மேல் தங்கலாகாது என்பதை நினைவிற் கொண்டால், நாம் கட்டப்போவது எத்தகைய மன்றம் என்பது விளங்கும்.

முப்பது பேர் என்று நாம் குறிப்பிட்டது காரணத்தோடுதான். ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பிற்கு வரும் குழந்தைகள் ஏறத்தாழ அத்தனை பேரே. இவர்கள் தெருவில் பேசுவது தெலுங்கு. பள்ளியில் படிப்பது ஆங்கிலம். தமிழ் எழுத்தை இவர்கள் சந்திப்பது வாரத்திற்கு ஒருநாள். ஆசிரியை "பல்லி" என்றும் "பள்ளி" என்றும் மாறிமாறிச் சொல்லிக் காட்டுகிறார். எதிரொலி மிக்க கூடத்தில் உயிரோசையின் நீட்சி அடுத்து வரும் மெய்யோசையின் மேல் கவிந்து அதனை மூடிவிடும். அகரம் கேட்கும், லகரமா ளகரமா என்பது கேட்காது. வாழையும் வாளையும் ஒன்றாகிவிடும். பிறகு, "இக்காலத்துப் பிள்ளைகளுக்கு ழகரம் நாவில் வரவில்லை" என்று நாம் வருந்துவோம். காதிற்குச் சேராதது நாவிற்கு எங்ஙனம் வரும்?

முதியோர் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. சென்ற பொங்கல் விழாவை ஒரு திருமண மண்டபத்தில் நடத்தினோம். சுற்றிலும் சலவைக்கல், மேடையின் இருபுறமும் ஆளுயர ஒலிபெருக்கிகள். முன்வரிசைக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டனர். பின்வரிசையினர் கையைக் காதருகே குவித்துக்கொண்டனர். விழா முடிந்து வெளியே வந்த பெரியவர் ஒருவரிடம், "பேச்சு எப்படி இருந்தது ஐயா?" என்று கேட்டோம். "குரல் நன்றாக இருந்தது தம்பி. சொல்தான் வந்து சேரவில்லை" என்றார். அவர் குறை கூறும் இயல்பினர் அல்லர். அதற்குப் பின் நடந்த இரு கூட்டங்களுக்கும் அவர் வரவில்லை. காது கேளாதார் சண்டையிட்டுக்கொண்டு போவதில்லை. உடல்நலம் இல்லை என்பார்கள், ஊருக்குப் போகவேண்டும் என்பார்கள், மெல்ல நின்றுவிடுவார்கள். நம் சங்கத்தில் இவ்வாறு நின்றுபோனோர் யாவர் என்று எண்ணிப் பார்த்தால், பெரும்பாலோர் எழுபது வயது கடந்தவராக இருப்பதைக் காணலாம்.

இக்குறைகளுக்குத் தீர்வு அரிதன்று. மேல்தளத்திற்குக் கீழே ஒலியை உறிஞ்சும் பலகைகளால் இரண்டாம் கூரை அமைத்தால் போதும். தன்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு எழுபது பங்கை உறிஞ்சும் பலகை கடைகளில் கிடைக்கின்றது. அதனை 240 சதுர மீட்டர் முழுதும் பொருத்திக் கணக்கிட்டால், நாம் மேலே கண்ட 8 விநாடி ஏறத்தாழ ஒரே விநாடியாகச் சுருங்குகின்றது. முப்பது குழந்தைகள் இருந்தாலும் நூற்றைம்பது பேர் இருந்தாலும் அதற்குமேல் போவதில்லை. ஆனால் அப்பலகை இறங்குவதற்கு ஓர் அடியேனும் உயரம் வேண்டும். அதனைத் தாங்கும் கொக்கிகள் காங்கிரீட் போடும்போதே பதிக்கப்பட்டால் நன்று. உயரத்தை இப்போதே கூட்டவில்லையெனில் பின்னர் யார் கூட்டுவது?

இனிக் கம்பிகளின் செய்திக்கு வருவோம். ஒலிவாங்கியின் கம்பியில் ஓடும் மின்னோட்டம் மிக மிக மெல்லியது. அதன் அருகே விளக்குக்கும் விசிறிக்கும் செல்லும் வலிய மின்கம்பி சேர்ந்து ஓடினால், அதன் உறுமல் இதனுள் புகும். ஒலிபெருக்கியில் ஓயாது கேட்கும் "ம்ம்" என்னும் முரலல் பலவேளை இதனால் வருவதே. விசிறியின் வேகத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரும் நீரேற்றும் மோட்டாரும் தத்தம் பங்கிற்கு இரைச்சல் சேர்க்கும். ஆகவே ஒலி, படக் கருவிகளுக்கு மின்சாரப் பெட்டியிலிருந்தே தனிக்கம்பி வரவேண்டும். மோட்டாரும் விசிறியும் அதனோடு கூட்டு வைத்தல் ஆகாது. மெல்லிய கம்பிக்கும் வலிய கம்பிக்கும் வேறு வேறு குழாய், இடையே ஓரடி இடைவெளி வேண்டும். ஒன்றையொன்று கடக்க நேர்ந்தால் குறுக்காகக் கடத்தல் வேண்டும். எர்த் என்று எலக்ட்ரீஷியன்கள் வழங்கும் நில இணைப்பும் கருவிகள் யாவற்றிற்கும் ஒன்றாகவே இருத்தல் நன்று. சந்திரகிரிப் பக்கம் பாறை நிலம். கோடையில் மண் உலர்ந்து கிடக்கும். அத்தகைய நிலத்தில் நில இணைப்பு எளிதில் அமையாது. குழி தோண்டிக் கரியும் உப்பும் இட்டு மூடிவிட்டு, "முடிந்தது" என்று சொல்லும் எலக்ட்ரீஷியனிடம், அளந்து காட்டச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் இடி மின்னல் மிகுந்த ஊர் நம்முடையது என்பதையும் மறக்கலாகாது.

குழாய்களைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற விரும்புகின்றோம். ஏனெனில் பொருள் அழிவது இங்கேதான். மேஸ்திரியிடம் "ஒரு குழாய் விட்டுவிடுங்கள்" என்று சொன்னால், அவர் விளக்குக் கம்பிக்குப் பயன்படும் 20 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயைப் பதித்துவிடுவார். அவர்மேல் தவறில்லை. படத்தைக் கொண்டு செல்லும் எச்.டி.எம்.ஐ. கம்பியின் தலைப்பகுதியோ அதனினும் அகலமானது, அக்குழாய்க்குள் நுழையாது. பல இடங்களில் குழாய் சுவருக்குள்ளும் கம்பி சுவர்மேல் ஒட்டுத்தாளோடும் இருப்பதற்குக் காரணம் இதுவே. மேடைக்கும் கருவிகள் இருக்கும் மேசைக்கும் இடையே குறைந்தது 50 மில்லிமீட்டர்க் குழாய்கள் மூன்று வேண்டும்: ஒலிவாங்கிகளுக்கு ஒன்று, படத்திற்கும் இணையத்திற்கும் ஒன்று, பின்னாளில் என்ன வருமோ அதற்கு வெறுமனே ஒன்று. அவ்வெறுங்குழாயைப் பார்த்துச் செயற்குழுவினர் நகைப்பர். பத்தாண்டு கழித்து அதனைப் பதித்தவரை வாழ்த்துவர்.

குழாய் வளையும் இடத்தில் செங்கோணமாக முறியாமல் பெருவளைவாகத் திரும்ப வேண்டும். இரு பெட்டிகளுக்கு இடையே இரண்டு வளைவுகளுக்கு மேல் இருந்தால் கம்பி இழுபடாது. ஒவ்வொரு குழாயிலும் நைலான் கயிறு ஒன்றை முன்னமே ஓட்டி இருபுறமும் முடிந்து வைக்க வேண்டும். வாய்களை அடைத்தும் வைக்க வேண்டும். நம் ஊரில் திறந்த குழாயைக் கண்டால் குளவி சும்மா விடுவதில்லை. ஒரு பருவத்தில் மண்கூடு கட்டி அடைத்துவிடும். குளவி விட்ட இடத்தை எலி பிடித்துக்கொள்ளும்.

மற்றொன்று. எச்.டி.எம்.ஐ. கம்பி நீண்டால் படம் நடுங்கும் அல்லது மறையும். 10, 15 மீட்டருக்கு மேல் சாதாரணக் கம்பியை நம்ப இயலாது. நம் கூடமோ 20 மீட்டர். கம்பி சுவரேறி இறங்கிச் சென்றால் 30 மீட்டர் ஆகிவிடும். கணினிகளை இணைக்கும் வலைக்கம்பி 100 மீட்டர் வரை செல்லும். இரு முனையிலும் அதற்குரிய சிறுபெட்டிகளை வைத்துப் படத்தை அதன் வழியே அனுப்பலாம். இவ்வகைக் கம்பியை எங்கெங்கு ஓட்டலாமோ அங்கெல்லாம் இரட்டையாக ஓட்டிவைப்பது அறிவுடைமை.

"இக்காலத்தில் எல்லாம் கம்பியின்றியே நடக்கின்றனவே, குழாய் எதற்கு?" என்று இளைஞர் ஒருவர் கேட்டார். நல்ல வினா. பேசுவோர் கையிலுள்ள ஒலிவாங்கி கம்பியின்றி இயங்கும் என்பது மெய். அதன் ஒலியைப் பெறும் கருவிக்குக் கம்பி உண்டு. அதனை உரப்பும் கருவிக்குக் கம்பி உண்டு. ஒலிபெருக்கிக்குக் கம்பி உண்டு. படம் காட்டும் புரொஜெக்டருக்கு மின்சாரம் வேண்டும். இணையத்தைக் காற்றில் பரப்பும் பெட்டியும் ஒரு கம்பியின் நுனியில்தான் தொங்குகின்றது. கம்பியில்லாக் கருவி ஒவ்வொன்றும் கம்பி ஒன்றைச் சுவருக்குள் மறைத்து வைத்திருக்கின்றது என்று அவரிடம் சொன்னோம். அவர் முழுதும் உடன்படவில்லை. ஆயினும் குழாய்க் கணக்கைத் தாமே எழுதித் தருவதாகச் சொல்லிச் சென்றார்.

ஒலிபெருக்கிகளை எங்கே வைப்பது என்பதில்தான் வழக்கத்தை நாம் கைவிட வேண்டியிருக்கின்றது. மேடையின் இருபுறமும் பெரியவை இரண்டை நிறுத்திக் கடைசி வரிசைவரை விரட்டுவது திருவிழாப் பந்தலுக்குப் பொருந்தும். நீண்ட கூடத்தில் சிறிய ஒலிபெருக்கிகள் ஆறினை இருபக்கச் சுவர்களிலும் இடைவிட்டு வைத்து, ஒவ்வொன்றையும் மெல்ல ஒலிக்கச் செய்தால், முன்னிருப்போர் காது வலியாது. பின்னிருப்போர்க்கும் சொல் சேரும். 18 மீட்டர் கடந்து பின்வரிசையை அடைய ஒலிக்கு ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் ஆகும். ஆகவே பின்னுள்ள ஒலிபெருக்கிகளை அந்நேரம் தாழ்த்தி ஒலிக்கச் செய்வர். இல்லையேல் ஒரே சொல் இருமுறை கேட்கும். இத்தனையையும் செய்யும் சிறுகருவி எளிதில் கிடைக்கின்றது. கிடைக்காதது, ஆறு இடங்களுக்கும் சுவருக்குள்ளே செல்லும் குழாய்.

இக்கருவிகளை இயக்குவோர் அமரும் இடத்தை வரைபடத்தில் மேடைக்குப் பின்னறையாகக் குறிக்கக்கூடும். பல மண்டபங்களில் அவ்வாறே உள்ளது. அவையில் உள்ளோர் கேட்பதைத் தாம் கேட்காதவர் அதனை எவ்வாறு சீர்செய்வார்? அவர் இடம் கூடத்தின் பின்பகுதியில், மக்களோடு மக்களாக இருத்தல் வேண்டும். உரப்பும் கருவிகள் வெப்பம் உமிழ்வன. அவற்றைப் பூட்டி வைக்கும் அலமாரிக்குக் காற்று வரும் வழியும் போகும் வழியும் வேண்டும்.

திரையைப் பற்றி ஒரு கணக்கு. படத்தின் உயரத்தைப் போல் ஆறு மடங்கிற்கு அப்பால் இருப்போர் அதிலுள்ள எழுத்தைப் படிப்பது கடினம். நம் கடைசி வரிசை 18 மீட்டர் தொலைவில் உள்ளது. எனவே படம் 3 மீட்டர் உயரமும் ஏறத்தாழ 5 மீட்டர் அகலமும் உடையதாக வேண்டும். முன்னிருப்போர் தலை மறைக்காதபடி தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் மேலே தொடங்கினால், 5 மீட்டர் உயரக் கூடத்தில், கூரைப் பலகையையும் இறக்கிய பின், ஒருவாறு அடங்கும். வரைபடத்தில் மேடைக்கு மேல் காட்டியுள்ள உத்தரத்தைச் சற்று மாற்றாவிடில் அடங்காது. மேலும், புரொஜெக்டரின் ஒளிக்கற்றை செல்லும் வழியில் தொங்குவிசிறி சுழன்றால் படம் முழுதும் நிழல் சிறகடிக்கும். அப்பாதையில் மூன்று விசிறிகள் குறிக்கப்பட்டுள்ளன! அவற்றைச் சுவர்ப்பக்கம் நகர்த்த இன்று ஓர் அழிப்பான் போதும். மேற்குச் சுவரின் உயர்ந்த சாளரங்கள் மாலை வெயிலை நேரே திரைமேல் வீழ்த்தும் என்பதையும் பொறியாளர் கவனிக்க வேண்டும்.

படம் என்றவுடன் சிலர் திரைப்படம் என்று எண்ணிவிடுகின்றனர். நம் மன்றத்தின் திரை அதற்கு மட்டும் அன்று. வேலூரிலும் திருத்தணியிலும் சென்னையிலும், கடல் கடந்தும் உள்ள உறவினர், இங்கு நிகழும் பெயரிடு விழாவையும் நினைவுக் கூட்டத்தையும் இருந்த இடத்திலிருந்தே காண விரும்புகின்றனர். அவர்கள் முகம் திரையில் தெரிய வேண்டும். அவர்கள் பேசுவது கூடத்தில் கேட்க வேண்டும். அதற்குத் தெருவிலிருந்து இணையக் கம்பி உள்ளே வருவதற்கு வாயிற்படியின் கீழே ஒரு குழாயும், கேமரா நிற்க எதிர்ச் சுவரில் மின்சாரத்தோடு ஓர் இடமும் வேண்டும். வாயிற்படிக்குக் கருங்கல் பதித்துவிட்ட பின் அக்குழாயை நினைப்பதில் பயனில்லை.

இறுதியாக ஒன்று. இதனை நாம் பிறவற்றினும் மேலாகக் கருதுகின்றோம். செவிக்கருவி அணிவோர்க்குக் கூட்டங்களில் ஒலிபெருக்கி உதவுவதில்லை; சுற்றியுள்ள இரைச்சலையும் எதிரொலியையும் சேர்த்தே அவர் கருவி பெரிதாக்கும். இதற்கென ஓர் ஏற்பாடு உலகெங்கும் வழக்கில் உள்ளது. கூடத்தின் தரையடியில் விளிம்பை ஒட்டி ஒரு செப்புக்கம்பி வளையமாக ஓடும். ஒலிவாங்கியின் ஒலி மின்னோட்டமாக அதில் பாய, எழும் காந்தப்புலத்தைச் செவிக்கருவியில் உள்ள சிறு சுருள் பற்றிக்கொள்ளும். கருவியைத் 'டி' என்னும் நிலைக்கு மாற்றினால், பேசுவோர் குரல் எதிரொலி கலவாது நேரே காதருகில் கேட்கும். எல்லாச் செவிக்கருவியிலும் அச்சுருள் இல்லை, பலவற்றில் உண்டு. தரைக்குள் இரும்புக் கம்பிகள் நெருங்கியிருந்தால் புலம் தேய்ந்துவிடும். ஆதலின் வளையம் அமையும் முறையைப் பொறியாளர் முன்னரே கணிக்க வேண்டும். டைல்ஸ் பதிக்குமுன் இக்கம்பியை இடுவது ஒரு பகல் வேலை. பதித்தபின் இட வேண்டுமானால் தரையையே பெயர்க்க வேண்டும்.

செலவைப் பற்றிக் கேட்பர். முகப்பு வளைவிற்கு நாம் எதிரிகள் அல்லேம். அதன் இருபுறத்திலும் கொடையாளர் பெயர் பொறித்த கல் இருப்பதும் முறையே. சுவருக்குள் புதையும் குழாயில் யார் பெயரையும் பொறிக்க இயலாது. அதனாலேயே அதற்குக் கொடையாளர் முன்வருவதில்லை போலும். வளைவை மூன்றாம் ஆண்டிலும் கட்டலாம். கூரையின் உயரத்தையும் தரைக்கடியில் ஓடும் வளையத்தையும் மூன்றாம் ஆண்டில் அமைக்க இயலாது. ஒலிபெருக்கியும் புரொஜெக்டரும் கூட இப்போது வாங்க வேண்டா. பணம் சேரும்போது வாங்கலாம். நாளுக்கு நாள் நல்லவை வருகின்றன. இப்போது வேண்டுவன உயரமும் கொக்கியும் குழாயும் தனி மின்கம்பியும் நில இணைப்புமே.

பூச்சு வேலைக்கு முன் ஒவ்வொரு சுவரையும், காங்கிரீட் இடுமுன் மேல்தளத்தையும், டைல்ஸ் பதிக்குமுன் தரையையும் அளவுகோலோடு சேர்த்துப் படம் பிடித்துச் சங்கத்தின் ஏட்டில் ஒட்டி வைத்தல் வேண்டும். பின்னாளில் ஆணி அடிப்போர் குழாயைத் துளைக்காமல் இருக்க வேறு வழியில்லை.

மேற்கூறியவற்றை வரைபடத்தின்மேல் சிவப்பு மையால் குறித்து, அப்படி ஒன்றினைச் சங்க நூலகத்தில் வைத்துள்ளோம். அடித்தளம் தோண்டுமுன் கூடவிருக்கும் செயற்குழுவில் அது மேசைமேல் இருக்கும். உறுப்பினர் வரும்போது தத்தம் இல்லத்து முதியோர் ஒருவரையும் உடன் அழைத்து வருதல் வேண்டும். அவர் செவிக்கருவி அணிந்தவராயின் இன்னும் நன்று.